பீலிக்கரை போன்

1. வரைபடத்தில் இல்லாத இடம்

எஸ்டேட் கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் இறங்கியதுமே எங்கள் இருவர் செல்போனிலும் சிக்னல் போய்விட்டது. ஜீப்பின் பின்னால் டிரில் மிஷினைக் காலுக்கிடையில் அணைத்தபடி உட்கார்ந்திருந்த முருகேசண்ணன் தன் போனை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கோம் தாயி. இங்கன நமக்குச் சோலி கெடக்கு."

பெரும்பாறைக்குக் கீழே இருக்கும் அந்தக் காபித் தோட்டத்தில் நான்கு இடங்களில் வெதர்ப்ரூஃப் ஐ.பி. போன் மாட்ட வேண்டும் என்று ஆர்டர். ஐ.பி. போன் என்பது இன்டர்நெட் கேபிளில் ஓடுகிற போன். கரண்டும் பேச்சும் ஒரே கேபிளில் வந்துவிடும். கெட்டியான அலுமினியப் பெட்டி, இரும்புச் சுருள் உறை போட்ட ரிசீவர் வயர், மூடியைச் சுற்றி ரப்பர் கேஸ்கட். மழையில் நனைந்தாலும் பனியில் ஊறினாலும் வேலை செய்யும். நாங்கள் கொண்டுபோன மாடலில் டயல் செய்யவே வேண்டாம். ரிசீவரைத் தூக்கினால் போதும், எஸ்டேட் ஆபீஸில் மணி அடிக்கும்.

நான் கொடைக்கானல்காரி. டிப்ளமோ முடித்துவிட்டு இந்த இன்ஸ்டலேஷன் வேலைக்கு வந்தவள். முருகேசண்ணனுக்கு வத்தலக்குண்டு. ஓட்டை போடுவது, கம்பம் நடுவது, கேபிள் புதைப்பது எல்லாம் அவர் பாடு. கேபிள் நுனியில் தொடங்கி சர்வர் வரைக்கும் என் பாடு. வட்டக்கானல் விடுதிகளில் ஆரம்பித்து இந்த மலையில் நாங்கள் சேர்ந்து ஏறாத சரிவு குறைவு.

மேனேஜர் தேவசகாயம் சார் ஆபீஸ் வாசலில் வரைபடத்தோடு காத்திருந்தார். போன மழையில் மரம் விழுந்து பாதை அடைபட்டபோது, கீழே லயத்தில் இருப்பவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஒரு பகல் முழுக்கத் தவித்தாராம். லயம் என்றால் தொழிலாளர் குடியிருப்பு, வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். கேட்டில் ஒரு போன், காபிப் பழம் உரிக்கிற கொட்டகையில் ஒன்று, மேல்காட்டு ஸ்டோரில் ஒன்று, லயத்துக்கு ஒன்று என்று திட்டம் போட்டிருந்தார்.

லயத்துப் போனுக்கு வரைபடத்தில் குறித்திருந்த இடம் சூப்பர்வைசர் அறையின் கம்பிக் கதவு போட்ட வராந்தா. சாரல் படாது, கேபிளும் கிட்டம். எனக்கும் சரியாகத்தான் பட்டது. அளவெடுத்துக்கொண்டிருந்தபோது அந்த வழியாகப் போன ஒரு பெண் நின்றார். பார்வதி என்று பெயர். தோட்டத்தில் பழம் பறிக்கிறவர். அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இங்கே குடியேறியவர்கள்.

"இதானா அக்கா எங்களுக்கு வைக்கிற போன்?"

"ஆமாங்க."

"இங்கன வெச்சீங்கன்னா பொழுதுபட்டதும் பூட்டிக்கிட்டுப் போயிருவாங்க. பகல்ல நாங்க மலைக்குப் போயிருவோம். அப்ப யாருக்கு அக்கா இது?"

சுருக்கென்றது. "வேற எங்க வெச்சா தோதா இருக்கும்?"

"பீலியில வைங்க. எந்தப் பக்கம் வேல செஞ்சாலும் ஓடியாறதுக்குக் கிட்டக்க இருக்கறது அதுதான்."

மலை ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்து விழ விட்டிருக்கும் இடத்தை அவர்கள் பீலி என்கிறார்கள். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். போய்ப் பார்த்தேன். லயத்துக்கும் காபிக் காட்டுக்கும் நடுவில், ஆள் நடமாட்டம் ஓயாத இடம். ஆனால் நம் கேபிள் நூறு மீட்டருக்கு மேல் இழுத்தால் வேலைக்கு ஆகாது. சூப்பர்வைசர் அறையிலிருந்து பீலி அதைத் தாண்டித்தான் இருந்தது. வழியில் பிள்ளைக்காம்பரா ஒன்று இருந்தது. தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற அறை. அங்கே கரண்ட் உண்டு. அதன் சுவரில் மழை புகாத பெட்டிக்குள் சிக்னலை வாங்கி மேலே அனுப்புகிற ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்சை வைத்துவிட்டால், அங்கிருந்து இன்னொரு நூறு மீட்டர் இழுத்துக்கொள்ளலாம்.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் உடனே தலையாட்டவில்லை.

"ஓப்பன் பிளேஸ் மேடம். மழை, இடி, காட்டுமாடு எல்லாம் இருக்கு. ரிஸ்க் இல்லையா?"

"மழைக்குத்தானே சார் இந்த போனே."

"சரி, வைங்க. ஆனா சும்மா சும்மா அடிச்சு என் ஆளுங்க ஓடிக்கிட்டே இருக்கக் கூடாது. அப்படி ஆச்சுன்னா வராந்தாவுக்கே மாத்திருவேன்."

2. மூச்சுச் சத்தம்

பீலியில் தண்ணீர் தெறிக்கும் என்பதால் சற்றுத் தள்ளி ஒரு இரும்புக் கம்பம் நட்டுப் போனை மாட்டினோம். புதியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கேபிளை எப்போதும் பெட்டிக்குக் கீழிருந்துதான் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன் தொங்கலாக ஒரு வளைவு விட வேண்டும். கேபிள் வழியாக வழிந்து வரும் மழைத் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது.

டெஸ்ட் செய்ய ரிசீவரை நீட்டினால் ஒருவரும் வாங்கவில்லை. மேனேஜரோடு பேசுகிற போன் என்றதும் எல்லோருக்கும் கூச்சம். கடைசியில் பார்வதிதான் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"தொரைங்களா, நான் பார்வதி. பீலியில தண்ணி நல்லா வருதுங்க."

மறுமுனையில், அவர்கள் 'தொரை' என்று கூப்பிடுகிற மேனேஜர் சிரித்தது சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

மறுநாள் வெள்ளனே, ஆபீஸில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. திரையில் 'பீலி' என்று வந்தது. மேனேஜர் எடுத்தார்.

"ஹலோ? யாரு?"

பதில் இல்லை. ஸ்பீக்கரில் போட்டார். மூச்சு வாங்குகிற சத்தம். கனமாக, இழுத்து இழுத்து. நடுவில் ஒரு முனகல். யாரோ தொண்டை அடைத்துத் திணறுவது போலத்தான் எங்கள் மூவருக்கும் கேட்டது.

"யாருக்கோ நெஞ்சு வலி போலருக்கு," என்று மேனேஜர் சாவியை எடுத்தார். மூவரும் ஜீப்பில் பறந்தோம். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் பின்னால் ஓடி வந்தார்கள்.

கடைசித் திருப்பத்தில் மேனேஜர் சடாரென்று பிரேக் போட்டார். ஒரு பெரிய காட்டுமாடு எங்கள் புதுக் கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது. கண்ணைப் பாதி மூடி, அவ்வளவு சுகமாக. கம்பம் சாய்ந்துவிட்டது. ரிசீவர் கீழே தொங்கி அதன் மூக்குக்கு நேராக ஆடியது.

சொறிந்து முடித்துவிட்டு, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அது நிதானமாகக் காபிச் செடிகளுக்குள் இறங்கிப் போனது. பின்னால் வந்தவர்கள் சிரித்து ஓயவில்லை. மேனேஜருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"மேடம், நான் சொன்னேன்ல?"

"ஒரு வாரம் டயம் குடுங்க சார். எடத்த மாத்தாம, மாட்டுற விதத்த மாத்துறேன்."

"ஒரு வாரம்தான்," என்று சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பினார்.

3. பாறை

நானும் முருகேசண்ணனும் பீலியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கரும்பாறை செங்குத்தாக நின்றது. பாறைக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவு சந்து. மனிதர் போகலாம், காட்டுமாடு உடம்பை நுழைக்க முடியாது. மேலே பாறை முன்பக்கம் துருத்திக்கொண்டிருந்ததால் சாரலும் குறைவு.

"இதுலயா ஓட்ட போடச் சொல்ற?" என்று முருகேசண்ணன் பாறையைத் தட்டிப் பார்த்தார். "வேற மிஷின்தான் வாங்கணும்."

திட்டிக்கொண்டேதான் ஆரம்பித்தார். டிரில் பிட்டு சூடாகிச் சிவந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றித் துளைத்தார். துணி துவைக்க வந்த பெண்கள் சொம்பில் மொண்டு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நான்கு துளையும் முடிந்து, பசை மருந்து ஊற்றி போல்ட்டுகளை இறக்கி, அது இறுகிய பிறகு போனை மாட்டினோம். ரிசீவர் எளிதில் கழன்று விழாதபடி கொக்கி வைத்த தாங்கி ஒன்றை மாட்டினேன். முருகேசண்ணன் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. அன்று அவர் முகத்தில் இருந்த திருப்தியை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

4. இரண்டாவது அழைப்பு

மறுநாள் மத்தியானம் நான் ஆபீஸில் செட்டிங்ஸ் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மணி அடித்தது. பீலி.

மேனேஜர் எதிர் மேஜையிலிருந்து நிமிர்ந்தார். "என்ன மேடம், மறுபடியும் உங்க விருந்தாளியா?"

நான் எடுத்தேன். முதலில் காற்றும் தண்ணீரும் இரைந்தன. பிறகு குரல் வந்தது.

"அக்கா, பார்வதி பேசுறேன். சின்னையாண்ணனப் பாம்பு கடிச்சிருச்சு."

ஸ்பீக்கரை அழுத்தினேன். மேனேஜர் எழுந்துவிட்டார்.

"எங்க கடிச்சிருக்கு? இப்ப எங்க இருக்காரு?"

"கால்ல அக்கா. களை வெட்டிக்கிட்டு இருந்தாரு. பீலிக்குப் பக்கத்துலதான் ஒக்காத்தி வெச்சிருக்கோம். வீங்கிக்கிட்டே வருது."

"நடக்க விடாதீங்க. கால ஆட்டாம வெச்சுக்கங்க. கயிறு எதுவும் இறுக்கிக் கட்டாதீங்க. பாம்பப் பாத்தாரா?"

அவர் ரிசீவரை விலக்கிக் கேட்பது தெரிந்தது. "கட்டையா, முதுகுல சங்கிலி மாரி இருந்துச்சாம்."

கண்ணாடி விரியன். நான் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. வெளியே ஜீப் கிளம்பியது. முருகேசண்ணனும் ஓடிப்போய்ப் பின்னால் தொற்றிக்கொண்டார்.

"பார்வதி, ஜீப்பு வந்துக்கிட்டிருக்கு. போன வைக்காதீங்க. அவர்கிட்ட அதச் சொல்லுங்க."

ஒரு கையால் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஆபீஸின் இன்னொரு லைனில் கீழே ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். பீலிப் பக்கத்திலிருந்து பார்வதி சொல்லிக்கொண்டே இருந்தது காதில் விழுந்தது: "வந்துட்டாங்கண்ணே, தொர வந்துட்டாங்க. வெரசா போயிரலாம்." அப்புறம் ஜீப் சத்தம். நான் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து தயாராக இருந்தது. கொஞ்சம் தாமதமாகியிருந்தாலும் கிட்னி போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். மேனேஜர் திரும்பி வந்ததும் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். சட்டையெல்லாம் சேறு.

"அந்தப் போன் அங்கயே இருக்கட்டும் மேடம்," என்றார்.

5. ஸ்டிக்கர்

சின்னையாவைப் பார்க்க நானும் முருகேசண்ணனும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். காலில் கட்டோடு படுத்திருந்தார்.

"போன் பண்ண வேணாம்னுதாங்க நான் சொன்னேன். பார்வதிப் பிள்ளதான் கேக்கல."

"ஏங்க வேணாம்னீங்க?"

"அவசரத்துக்கு மட்டும்னு எழுதியிருக்கே. எனக்கு அப்ப வலி அவ்வளவா இல்ல. இதெல்லாம் ஒரு அவசரமான்னு நெனச்சேங்க."

அந்த வாசகம் எங்கள் கம்பெனி ஸ்டிக்கர். எல்லாப் போனிலும் ஒட்டுவோம். அன்று சாயங்காலமே மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு பீலிப் போனிலிருந்து அதை உரித்துவிட்டேன். அதற்குப் பதில் பெயின்ட்டில் 'எதுக்கும் கூப்பிடலாம்' என்று எழுதினோம். மற்ற மூன்று போனிலும் பழைய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அதை மாற்றத் தோன்றவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் மெயின்டனன்ஸுக்குப் போனேன். மேனேஜர் செல்லமாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

"கேஸ் சிலிண்டர் வந்துச்சா, ரேஷனுக்கு ஜீப்பு போகுதா, நாளைக்கு எந்தப் பக்கம் வேல? ஒரு நாள் விடாம கேக்குறாங்க மேடம். ஒரு நாள் மத்தியானம் அடிக்கவே இல்ல. என்னன்னு பாத்தா பிள்ளைக்காம்பராவுல ஃப்யூஸ் போயிருக்கு. அன்னைக்கே மாத்திட்டோம்."

மேல்காட்டு ஸ்டோருக்குப் போய் அங்கிருந்த போனை எடுத்தேன். உயிரே இல்லை. மூடியைக் கழற்றினால் உள்ளே முழுக்க எறும்புக் கூடு. எத்தனை மாதமாக அப்படிக் கிடந்ததோ, ஒருவருக்கும் தெரியவில்லை. அவசரம் வரவில்லை, அதனால் யாரும் தொடவில்லை. வந்திருந்தால் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

இந்த வேலையில் நான் கற்றதில் பெரியது இதுதான். வெளியில் மாட்டுகிற போனை மழையும் இடியும் கெடுப்பதைவிட, யாரும் தொடாமல் விடுவது அதிகம் கெடுக்கிறது. சும்மா பேசுகிறவர்கள்தான் அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எங்கே மாட்டினாலும் அந்த ஸ்டிக்கரை நான் ஒட்டுவதில்லை. கஸ்டமரிடம் காரணத்தைச் சொன்னால் ஒத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாகப் பீலிக்கு இறங்கினேன். டெஸ்ட் கால் போட ரிசீவர் பக்கம் கை நீட்டுவதற்குள், நிறைந்த குடத்தைக் கல்லில் வைத்துவிட்டு பார்வதி சந்துக்குள் நுழைந்தார்.

"ஒரு நிமிசம் அக்கா. தொரைங்களா, பார்வதிங்க. நாளைக்கு மழ வந்தா வேல உண்டா இல்லையா? ... சரிங்க. ... சரிங்க, சொல்லிடறேன்."

ரிசீவரை வைத்துவிட்டு, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீங்க பேசுங்க அக்கா," என்றார்.

"நான் பேச வேண்டியதில்ல, நீங்களே பேசிட்டீங்க," என்றேன். ரிப்போர்ட்டில் 'லைன் ஓகே' என்று எழுதிக்கொண்டு அவரோடு லயம் பக்கம் நடந்தேன்.