இங்கே இல்லாதது அங்கேயும் இல்லை

காலையில் போனைத் திறந்தால், ‘உங்கள் படங்கள் எல்லாம் சேமிக்கப்பட்டன’ என்று ஒரு வரி. மற்றவர்களுக்கு அது நிம்மதி. நான் இன்றும் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.

நாமக்கல்லில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைப்பதுதான் என் முதல் வேலை. படங்கள் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கும். அவற்றை வெளியூர் சர்வருக்கு நகலெடுக்க, என்னோடு வேலை பார்த்த, சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஸ்டீபன் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்னதாக ஒரு புரோகிராம், எழுதியிருந்தான். கம்ப்யூட்டரைப் போட்டதும் அதுவே ஓடும். இங்கே இருப்பதை அங்கே வைக்கும். இங்கே இல்லாததை அங்கேயும் அழித்துவிடும். சர்வர் என்றால் எங்கோ இருக்கும் பெரிய பீரோ என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான்.

ஒரு மத்தியானம் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்தது, டிஸ்க் எழவில்லை. கறுப்புத் திரையில் வழக்கம்போலப் படங்களின் பெயர்கள் ஓடின. டீயை உறிஞ்சியபடி வேடிக்கை பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ‘டெலீட்டிங்’ என்று இருந்தது. டிஸ்க் செத்ததால் இங்கே காலி. ஸ்கிரிப்ட் அங்கேயும் காலி செய்துகொண்டிருந்தது. ஸ்டீபன் பாய்ந்து நெட் வயரைப் பிடுங்கினான். நான் டீ டம்ளரோடு உட்கார்ந்தே இருந்தேன்.

டிஸ்கைக் கோயம்புத்தூர் வரை கொண்டுபோயும் உயிர் வரவில்லை.

அந்த வாரமே பழனிசாமி வந்தார். மோகனூர்ப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். நாங்கள் படமெடுத்த அவர் மகள் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் அவர் மனைவி மாரடைப்பில் போய்விட்டார்.

“ஏனுங்க தம்பி, ஆல்பம் ஆயிருச்சுங்களா? ஊட்டுல அவ படம் நல்லதா ஒண்ணுமில்லீங்க.”

“அழிஞ்சு போச்சுங்கய்யா,” என்றான் ஸ்டீபன். “நான் எழுதின ஸ்கிரிப்டுதான் அழிச்சிருச்சு.”

அவர் திட்டவில்லை. நாற்காலியைக் கையால் தேடி உட்கார்ந்தார். “அவளுமா?” என்று மட்டும் கேட்டார்.

வயரைப் பிடுங்கியதில் அந்தக் கல்யாணத்தில் தப்பியவை பந்திப் படங்கள்தான். ஒவ்வொன்றாகக் காட்டினோம். ஒன்றில் அந்த அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். பழனிசாமி திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“என்னையத்தான் வையறா. சோறு திங்காம சுத்துறேன்னு,” என்றார். அதைத்தான் பெரிதாகப் போட்டுக் கொடுத்தோம்.

அதன்பிறகு ஸ்டீபன் ஸ்கிரிப்டை மாற்றினான். நகலெடுக்கும், எதையும் அழிக்காது. இரண்டொரு வருஷத்தில் ஸ்டுடியோவை மூடினார்கள். ஸ்டீபன் ஓசூர் போய்விட்டான். சர்வர் வாடகையைப் புதுப்பிக்க ஆளில்லை; வாடகை நின்றால் சர்வர்க்காரர்கள் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். எத்தனையோ ஊர்க் கல்யாணங்கள் அதில் இருந்தன. எந்தத் தேதியில் அவை அழிந்தன என்றுகூட எங்கள் யாருக்கும் தெரியாது.