பாதுகாப்பு அதிகாரியின் வீட்டு அடுப்பு

என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தீயை அணைப்பது எப்படி என்று நானூறு தொழிலாளர்களுக்குப் பன்னிரண்டு வருடமாகப் பாடம் எடுக்கிறவர். அந்தப் பதவியை வாசலில் செருப்போடு கழற்றி வைக்கத் தெரியாது. மேசை முனைகளுக்கெல்லாம் பஞ்சுறை, பிளக் ஓட்டைகளுக்கு மூடி, கத்தி இருக்கும் இழுப்பறைக்குப் பூட்டு. விருந்தாளிக்கு ஒரு ஆப்பிள் நறுக்க வேண்டுமென்றால் முதலில் சாவியைத் தேட வேண்டும். எங்கள் மகளுக்குப் பத்து வயது. பென்சிலைக்கூட அப்பாதான் சீவித் தருவார்.

எனக்கு மதிய ஷிப்டுக்கு மாற்றல் வந்தது. அடுத்த மாதம் முதல் பள்ளி விட்டு வந்து அவள் இரண்டு மணி நேரம் தனியாக இருந்தாக வேண்டும். அடுப்பைப் பழக்கிவிடலாமா என்று கேட்டேன். வேலையை விட்டுவிடச் சொன்னார். அவருடையதை அல்ல, என்னுடையதை.

சனிக்கிழமை அவர் வகுப்பெடுக்கக் கிளம்பியதும் நாங்களும் வகுப்பைத் தொடங்கினோம். பழைய சட்டியில் காகிதத்தைக் கொளுத்துவேன். அவள் பக்கவாட்டிலிருந்து மூடியைத் தள்ளி மூடுவாள். கை எட்டும் தூரத்தில் நான் நிற்பேன். முதல் நாள் விரலைச் சுட்டுக்கொண்டாள். குழாயடியில் அந்த விரலைப் பிடித்தபடி, இதோடு நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். நாலாவது வாரம் என்னையே கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயாவுக்கு உருளைக்கிழங்கு வறுக்கும் ஆசை வந்தது. எண்ணெயைக் காயவைத்துவிட்டுப் போனில் யாருக்கோ பாதுகாப்பு பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். சட்டி குபீரென்று பற்றிக்கொண்டது. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது அவர் வகுப்பில் ஒன்பதாவது படம். அவர் கை நேராகத் தண்ணீர்க் குடத்துக்குப் போனது.

"அப்பா, தண்ணி வேணாம். தள்ளி நில்லுங்க," என்றாள் மகள். அடுப்பை அணைத்தாள், மூடியைத் தள்ளினாள். நான் ஓடி வருவதற்குள் தீ அடங்கிவிட்டது.

"மூடியத் திறக்காதீங்க, ஆறட்டும்," என்றாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யார் பழக்கினது என்று கேட்பார், நன்றாகக் கொடுக்கலாம் என்று நான் பதிலோடு நின்றேன். கேட்கவில்லை. அவள் தனியாகவே இருக்கட்டும் என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நான் நெசமா ஒரு தடவகூட நெருப்ப அணைச்சதில்ல. எல்லாருக்கும் படம்தான் போட்டுக் காட்டிட்டிருக்கேன்."

மகளை நினைத்து இருந்த பயம் எனக்கு அன்றோடு போயிற்று. இப்போது அந்த நானூறு பேரை நினைத்தால்தான் பக்கென்கிறது.