முப்பது நாள் அறை

கங்காதரன் கனவிலேயே குடித்தனம் நடத்துகிறவர் என்று தொழிற்சாலையில் கேலி செய்வார்கள். கையிலிருக்கும் டீ ஆறி ஆடை கட்டியிருக்கும். அவர் பாட்டுக்கு ஜன்னல் வழியே மேகம் பார்த்துக்கொண்டிருப்பார். ஊரிகம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, தான் ஏற வேண்டிய ரயிலையே வேடிக்கை பார்த்து அனுப்பிவைத்த மனுஷர். வேலூரிலிருந்து ஃபிட்டராக வந்து பதினெட்டு வருஷம் பட்டறையில் நின்றார். முழங்கால் தேய்ந்ததும் ஆபீசுக்கு மாற்றினார்கள். அங்கே பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் தெரியவில்லை. ஆகவே அந்த வேலை இவர் தலையில் விழுந்தது.

விழுந்ததும் நல்லதாகத்தான் போயிற்று. டிஸ்கை ஒழுங்குபடுத்தும்போது திரையில் சின்னச் சின்ன வண்ணக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறும். ஒரு மெஷினுக்கு மூன்று மணி நேரம் ஆகும். மற்றவர்கள் அலுத்துப்போய் எழுந்து போவார்கள். இவர் மட்டும், பேத்தமங்களா ஏரியில் தூறல் விழுவதைப் பார்ப்பவர்போல அசையாமல் உட்கார்ந்திருப்பார். அழிந்த ஃபைல் எங்கேதான் போகும் என்று யோசிப்பார். அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கேலி காத்திருக்கும்.

தொண்ணூற்றொன்பதில், கம்ப்யூட்டர் புதிதாகக் கற்றவர்களும் தாங்களே குப்பையை நீக்கிக்கொள்ள ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினார். ஒரே ஒரு சாவியை அழுத்தினால் போதும். அழிக்கும் முன் அது ஆங்கிலத்தில் “ஆர் யூ ஷூர்?” என்று கேட்கும். ஆம் என்றால் ஒரு எழுத்து, இல்லை என்றால் ஒரு எழுத்து. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் பன்னிரண்டு மெஷினும் குப்பை நீங்காமல் மூச்சு முட்டிக் கிடந்தன.

முதலில் நின்றுபோனது கிருஷ்ணம்மாவின் மெஷின். அவள் கணவர் ஒருநாள் காலை ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாப்பிலேயே மாரடைப்பில் இறந்துபோனார். அவருக்குப் பதிலாகத் தொழிற்சாலை கொடுத்த கருணை வேலைதான் இவளுக்கு. முதலில் கேன்டீன், பிறகு தட்டச்சு கற்றுக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். ஆறு மாதச் சோதனை முடிய ஒரு வாரம் இருக்கும்போது டிஸ்க் நிரம்பி, அடித்த இரண்டு கடிதங்கள் பதிவாகாமல் போயின. தன் மெஷினைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு திரும்பவும் கேன்டீன்தான் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

கங்காதரன் அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“இன்னாத்துக்கும்மா ஒவ்வொரு தபாவும் இல்லன்னே அழுத்துற?”

“ஷூரான்னு கேக்குதே சார். பட்டறையில சூப்பர்வைசர் அப்படிக் கேட்டா, ஏதோ தப்பு கீது, உடனே கைய எடுத்துடணும்னு எங்க வூட்டுக்காரு சொல்லுவாரு.”

கங்காதரனுக்கு வெட்கமாக இருந்தது. பதினெட்டு வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டு அவரே எத்தனை முறை கையைப் பின்னுக்கு இழுத்திருக்கிறார். பட்டறையில் வேலை செய்தவன் எழுதிய ப்ரோகிராமா இது என்று தன்னையே நொந்துகொண்டார்.

இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றி எழுதினார். இப்போது அது எதையும் கேட்காது. பழையதையெல்லாம் எடுத்துச் சுருக்கி டிஸ்கிலேயே ஒரு தனி அறையில் வைக்கும். முப்பது நாள் அங்கேயே இருக்கும். வேண்டுமென்றால் ஒரு சாவியில் திரும்ப அழைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை, அதிகாரி பின்னால் நிற்க, கிருஷ்ணம்மா சாவியை அழுத்தினாள். பழைய கடிதங்கள் பட்டியலிலிருந்து போயின. அவள் முகம் வெளிறியது. உடனே ஒன்றைத் திரும்ப அழைத்தாள், வந்தது. அனுப்பினாள், அழைத்தாள், மறுபடியும் வந்தது. அதிகாரி நிற்பதையே மறந்துவிட்டாள்.

“போனது திரும்பி வர்றத இன்னிக்குத்தான் சார் பாக்கறேன்.”

பிறகு ஒரு கடிதம் அடித்தாள். பதிவானது. அதிகாரி அவள் சோதனைக் காலம் முடிந்ததென்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

“முப்பது நாளுக்கப்புறம் இன்னா ஆவும் சார்?”

“நெசமாவே பூடும்.”

அவள் சற்று யோசித்தாள். “பரவால்ல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா தாங்கிக்கலாம்.”

கங்காதரன் தன் மேஜைக்குத் திரும்பினார். அன்று மத்தியானம் சாப்பிடாமல் ப்ரோகிராமில் ஒரு வரி சேர்த்தார். தமிழ் எழுத்து வராத மெஷின். ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டினார். வீட்டைவிட்டுக் கிளம்புகிற யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை, ‘போயிட்டு வரேன்’ என்பதுதான் வழக்கம். ஆனால் வராததை வருகிறேன் என்று சொல்லவைக்க அவருக்கு மனம் வரவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் காலை கிருஷ்ணம்மாவின் திரையில் அந்த வரி வந்தது: நாளைக்குப் போறேன்.

அவள் எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தாள். இன்னொருமுறை படித்தாள். விரல் சாவிகளுக்குமேல் அப்படியே நின்றது.

“சரி, போயிட்டு வா” என்றாள், எதிரே ஆள் நிற்பதுபோல.

அடுத்த மேஜை ரவிகுமார் நிமிர்ந்து பார்த்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த கடிதத்தை அடிக்க ஆரம்பித்தாள்.