நாலு தலை மெஷின்

எழுபதுகளில் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் சாலையில் பழைய கப்பல் சாமான் கடை வைத்திருந்த அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியான உடம்பு, கழுத்தில் ஜெபமாலை, முழங்கைவரை கிரீஸ். பேசும்போதும் கை சும்மா இருக்காது. ஏதாவது ஒரு கருவியைக் கழற்றி, எண்ணெய் தடவி, திரும்ப மாட்டிக்கொண்டே இருப்பார்.

வீட்டுத் தோட்டத்துக்காக அவரிடம் ஒரு கரண்ட் மெஷினைக் கேட்டேன். மோட்டார் ஒன்றுதான். வேலிச்செடி வெட்ட, மரம் அறுக்க, துளை போட, தேய்க்க என்று மாற்றி மாற்றி மாட்ட நாலு தலைகள்.

“இது உங்களுக்கு வேண்டாம் அண்ணாச்சி. வேலி வெட்டுததுக்குன்னே தனி மெஷின் இங்கன கெடக்கு. அதக் கொண்டு போங்க.”

“ஒண்ணுலயே நாலு வேலை நடக்கும்போது தனி மெஷின் எதுக்கு?”

“இங்க அடிக்கது உப்புக் காத்து. தலையக் கழட்டாமப் போட்டு வச்சா துருப்பிடிச்சு ஒட்டிக்கிடும். தெனமும் கழட்டி எண்ணெ போடுவீங்களா?”

“போடுவேன்!”

போடவில்லை. ஒரே மழைக்காலத்தில் வேலி வெட்டும் தலை மோட்டாரோடு இறுகிவிட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் முறுக்கிப் பார்த்தார்.

“இப்ப இதுவும் தனி மெஷின்தான். கொடுங்க, வேற மாத்தித் தாரேன்.”

“வேண்டாம்” என்று அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். முதல்முறையாக அந்தக் கைகள் சும்மா இருந்தன. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எதிலும் மாட்ட முடியாத மற்ற மூன்று தலைகளுக்கும் இன்றுவரை தினமும் எண்ணெய் போடுகிறேன். போடுவேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேனே!