டெக்சஸில் ஒரு தவணை

லண்டன் எட்மண்டனில் புடவைக்கடை வைத்திருக்கும் ராணி அக்கா, போன ஞாயிறு மத்தியானம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். லேப்டாப்பையும் கொண்டுவரச் சொன்னார். சோற்றுக்கும் லேப்டாப்புக்கும் என்ன சம்பந்தம்?

இருந்தது. அவருடைய தம்பி ஞானசீலன்.

ஜெர்மனியில் அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தவன். அக்கா லண்டனுக்கு வந்தார். அவன் அமெரிக்காவுக்குப் போனான். டெக்சஸிலிருந்து சில காலம் போன் வந்தது. பிறகு வரவில்லை. சண்டையில்லை, கோபமில்லை... ஒரு நாள் அந்த நம்பர் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். இப்போது அவன் உயிரோடு இருக்கிறானா என்பதே கேள்வி.

அமெரிக்காவில் கோர்ட் பதிவுகளை யாரும் பெயர் போட்டுப் பார்க்கலாம் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னாராம். உண்மைதான். ஆனால் எந்தக் கோர்ட்? அங்கே மாநிலத்துக்கு மாநிலம் தனி நீதிமன்றங்கள். மாநிலத்துக்குள் கவுன்டிகள் — நம் மாவட்டம் மாதிரி. உச்சியில் அப்பீல், நடுவில் பெரிய வழக்குகள், அடியில் ட்ராஃபிக் போன்ற சில்லறை. எல்லாவற்றையும் சேர்த்துத் தேட ஓர் இடம் கிடையாது. கவுன்டி கவுன்டியாக வெப்சைட் ஏறி இறங்க வேண்டும். டெக்சஸில் ட்ராஃபிக் வழக்கைச் சமாதான நீதவானும் விசாரிப்பார் என்றேன். அக்கா நம்பவில்லை. ஊரில் ஜே.பி. எண்டால் போட்டோக்கொப்பிக்கு உண்மைப் பிரதி எண்டு சீல் குத்துகிற ஆளெல்லோ என்றார்.

தேடினோம். குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் அப்பாவின் பெயர் — கந்தையா. இல்லை. அடுத்த கவுன்டி. இல்லை. குழம்பு ஆறியது. ஒவ்வொரு 'இல்லை'க்கும் அக்கா பெருமூச்சு விட்டார். தப்புத்தண்டா செய்யவில்லை என்ற நிம்மதியா, ஆளே இல்லையோ என்ற பயமா... எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பிறகுதான் உறைத்தது. நாம் 'கந்தையா ஞானசீலன்' என்று அப்பாவை முன்னால் நடக்கவிடுகிற ஆட்கள். அமெரிக்கக்காரனுக்கோ பின்னால் வருவதுதான் குடும்பம். அவன் கணக்கில் தம்பியின் பெயர் கந்தையா. ஞானசீலன் என்பது பரம்பரை!

திருப்பிப் போட்டேன். முதலில் பார்த்த அதே கவுன்டியில் இருந்தான். பிறந்த ஆண்டும் சரி. போன வருடம் சிவப்பு லைட்டில் நிற்காமல் கார் ஓட்டிய வழக்கு. அபராதம் கட்டியாயிற்று. வழக்கு முடிந்தது.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஊரிலையும் லைட் இல்லாமல் சைக்கிள் ஓடிப் பிடிபட்டவன். இன்னும் திருந்தேல்லை."

சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் மேசையில் தனியாக இருந்தது.

விலாசம் இல்லை. போன் நம்பர் இல்லை. ஏதோ ஒரு சந்தி, ஒரு சிவப்பு வெளிச்சம், அதைத் தாண்டிப் போன ஒரு கார்... தாண்டி எங்கே போனது?

"அடுத்த தவணை எப்பவெண்டு போட்டிருக்கோ?" என்றார் அக்கா.

மறுபடி கோர்ட்டுக்கு வரச் சொல்லும் நாளை நாங்கள் தவணை என்போம். அபராதம் கட்டி முடிந்த வழக்குக்குத் தவணை ஏது என்றேன்.

"தவணை எண்டு ஒண்டு இருந்தால், அண்டைக்கு அவன் அங்கை வரத்தானே வேணும். நான் வாசலிலை போய் நிண்டிருப்பன்."

பஸ்ஸில் திரும்பும்போது, பார்த்தேயிராத அந்த மனிதனிடம் மனதுக்குள் பேசிக்கொண்டு வந்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு ஸ்பீடிங் போதும்... அபராதத்தை மட்டும் உடனே கட்டிவிடாதே, ஞானசீலா.