வாகரைக்குப் போன ராணி

வான் வண்டியில் இருந்தவர்களைச் சொல்கிறேன். முன் ஆசனத்தில் அண்ணாவியார் சின்னத்தம்பி. கூத்துப் பழக்குகிறவர், மத்தளமும் அவர்தான். நடுவில் ராசா வேஷம் கட்டும் பூபாலபிள்ளை. ஊரில் பேக்கரி வைத்திருக்கிறார். அவர் பக்கத்தில் பெண்சாதி ராசமணி. உடுப்பும் சாப்பாடும் அவர் பொறுப்பு. பின்னால் ராணி வேஷம் கட்டும் தவராசா, வயது முப்பத்தாறு. அவன் பக்கத்து அள்ளையில் வீடு கட்டும் மேசன் உதயன். உதயனுக்கு வேஷம் இல்லை. ஓட்டியது நான். மற்ற ஆட்டக்காரர்கள் முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள்.

காலை 6.10. பழுகாமத்தில் இருந்து புறப்பட்டோம். சண்டை முடிந்து அடுத்த வருஷம். வாகரையில் கலாசார விழா, பின்னேரம் மூன்று மணிக்கு எங்கள் கூத்து. விடிய விடிய ஆடுகிறதை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

"ராசா வரவுக்கே ஒண்டரை மணித்தியாலம் வேணும்," என்றார் அண்ணாவியார். "மறுகா ராணி எப்ப வாற? ரெண்டு பேரும் கலியாணம் முடிக்கிற எப்ப?"

"வானுக்குள்ளயே முடிச்சிட்டுப் போவம்," என்றார் ராசமணி.

"எனக்கு ஏற்கெனவே ஒண்டு இருக்கு. அதே போதும்," என்றார் பூபாலபிள்ளை.

பட்டிருப்புப் பாலத்தில் வாவி பளபளத்துக் கிடந்தது. தோணியில் இருந்து வலை இழுத்தார்கள். நான் அதிகம் பார்க்கவில்லை. எதிரே பஸ் வந்தது. களுவாஞ்சிகுடியில் டீசல் அடித்தேன். லீற்றர் எழுபத்து மூன்று ரூபா.

7.20. காத்தான்குடி. கடைகள் இன்னும் திறக்கவில்லை. உதயன் மடியில் பேப்பரில் சுற்றிய பார்சல் இருந்தது. போன கிழமை இந்த ஊரில் வாங்கிய சால்வை. சரிகைக் கரை.

அந்தச் சால்வைதான் அன்றைய பிரச்சினை. எங்கள் கூத்தில் ஒரு வழக்கம். ஆட்டத்தை இடையில் நிறுத்துவார்கள். ஆட்டக்காரரின் சொந்தம் களரி மேடைக்கு ஏறிச் சால்வை போர்த்தும். என்ன முறை என்று மைக்கில் சொல்ல வேண்டும். தாய்மாமன் இன்னார், பெரியப்பா இன்னார், இப்படி.

தவராசா வாகரையில் பிறந்தவன். சுனாமி வீட்டையும் தாயையும் கொண்டு போனது. பிறகு சண்டை வந்து ஊரையே கிளப்பியது. முகாமில் மலசலகூடம் கட்ட வந்த உதயன் அவனைப் பழுகாமத்துக்குக் கூட்டி வந்தான். மூன்று வருஷத்துக்கு மேல் ஒரே வீடு, ஒரே உலை. ஊருக்குத் தெரியும். ஊர் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

பழுகாமம் அரங்கேற்றத்தில் உதயன் சால்வை போர்த்தினான். அண்ணாவியார் மைக்கில் "நண்பர் உதயன்" என்றார். உதயன் வீட்டுக்குப் போய் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. இன்று தவராசாவின் சொந்தம் முழுக்க வரும்.

"இன்னொருக்கா நண்பர் எண்டா நான் எழும்ப மாட்டன்," என்றான் உதயன். "சால்வைய வாவிக்குள்ள எறிஞ்சிருவன்."

"அப்ப என்னெண்டுடா சொல்ற?" அண்ணாவியார் திரும்பிப் பார்த்தார். "தம்பி எண்டு சொல்லட்டா?"

"தம்பியெண்டா பெரிய பாவமெல்லா அண்ணாவியார்," என்றான் தவராசா.

ராசமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சரி, மச்சான்."

"மச்சான் எண்டா எந்த அக்காவக் கட்டினவன் எண்டு வாகரைப் பொம்பிளையள் கேப்பாளுகள்," என்றார் ராசமணி. "இவன்ட வம்சம் முழுக்க அவளுகளுக்குப் பாடம். இவனுக்கு அக்காவும் இல்ல, தங்கச்சியும் இல்ல."

"அப்ப மாமா?"

"என்னகா இவர்! தவராசாவ விட ரெண்டு வயசு இளசு இவன்."

"என்ட பேக்கரில வேல செய்யிறவன் எண்டு சொல்லுங்க," என்றார் பூபாலபிள்ளை.

"நான் மேசன்," என்றான் உதயன்.

ஏறாவூர் வரை இதே பேச்சு. ஒன்றும் சரிவரவில்லை.

9.05. ஓட்டமாவடி. பிளேன் ரீ பத்து ரூபா, இஞ்சி போட்ட தேநீர். கடையில் டிவி ஓடியது. ஒரு இந்தியப் படத்தின் சிரிப்புக் காட்சி. உதட்டுச் சாயம் பூசிய ஒரு ஆண் இடுப்பை ஆட்டிக்கொண்டு கதாநாயகனின் தோளைத் தொட்டான். கதாநாயகன் அறைந்தான். கடை முழுக்கச் சிரித்தது. பூபாலபிள்ளையும் சிரித்தார். பிறகு பின்னால் இருந்த தவராசாவையும் உதயனையும் பார்த்தார், ரீயைக் குடித்தார்.

தவராசா கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நடை பிழை," என்றான். "பொம்பிளை இடுப்பால நடக்கிறேல்ல. குதிக்காலால நடக்கிற. இவனுக்கு ஒரு அண்ணாவியாரும் பழக்கேல்ல."

"அவன் நடக்கவா வாறான்? அடி வாங்கத்தான் வாறான்," என்றார் கடைக்காரக் காக்கா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"எல்லாப் படத்திலயும் அடி வாங்குறான் காக்கா," என்றான் உதயன். "அடி வாங்கிட்டு எங்க போறான்? அவனுக்கு வீடு இல்லையா? சோறு வெச்சிக்கிட்டு ஒருத்தன் இருக்க மாட்டானா?"

காக்கா கொஞ்சம் யோசித்தார். "அது படத்தில காட்டேல்லதான்," என்றார். உதயன் குடித்த ரீக்குக் காசு வாங்கவில்லை.

ஓட்டமாவடிக்கு அப்பால் றோட்டு றோட்டாக இல்லை. இருபது கிலோமீற்றர் போக ஒரு மணித்தியாலம் பிடித்தது. பாதி வழியில் ஆமி மறித்தது. எல்லோரும் இறங்கினோம். ஒரு ஆமிப் பெடியன் றங்குப் பெட்டியைத் திறந்தான். உள்ளே கிரீடம், மார்புக்கச்சை, இடுப்பளவு தலைமயிர்.

"ராணி எங்க?" என்றான், உடைந்த தமிழில்.

தவராசா கையைத் தூக்கினான். பெடியன் அடையாள அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்.

"ராஜா?"

பூபாலபிள்ளை வயிற்றை உள்ளே இழுத்தார். பெடியன் ராசமணியைக் காட்டினான். "இது?"

"நான் ராசாட நிசப் பெண்சாதி."

பிறகு உதயனைக் காட்டினான். அண்ணாவியார் றங்குப் பெட்டியை மூடினார். பெடியன் தலையைச் சொறிந்துவிட்டு றோட்டை மறித்த தடியைத் தூக்கிவிட்டான்.

"பாத்தீங்களா, ஆமிக்கும் சொல்ல ஏலாமப் போச்சி," என்றார் ராசமணி.

11.40. வாகரை. மட்டக்களப்பு டவுனில் இருந்து அறுபத்தைந்து கிலோமீற்றர் சொச்சம். ஒரு பக்கம் கடல். புது வீடுகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். இடையிடையே அத்திவாரம் மட்டும். தவராசா வானை நிறுத்தச் சொன்னான். ஒரு வளவில் கிணறு மட்டும் இருந்தது.

"அம்மாட கிணறு," என்றான்.

உதயன் இறங்கிப் போய்க் கிணற்றுக் கட்டைத் தட்டிப் பார்த்தான். "நல்ல கட்டு," என்றான். திரும்பி வந்து ஏறினான்.

மத்தியானச் சாப்பாடு தவராசாவின் பெரியம்மா நாகம்மா வீட்டில். தாயின் மூத்த சகோதரி. கூனி இறால் சுண்டல், மீன் ஆணம். அவர் எல்லோரையும் விசாரித்தார். உதயனிடம் வந்தார்.

"இந்தத் தம்பி ஆரு?"

தவராசா வாயில் சோற்றை வைத்துக்கொண்டான். அண்ணாவியார் முள் எடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க கா," என்றார் ராசமணி.

3.15. மைதானம். முந்நூறு பேர் இருக்கும். முன் வரிசையில் கதிரை போட்டுப் பெரிய ஆட்கள். நான் வானுக்குப் பக்கத்தில் நின்றேன். கூத்து நன்றாகத்தான் போனது. ராசா வரவைக் கால்வாசியாக்கி அண்ணாவியார் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். தவராசா ராணியாக வந்ததும் பெண்கள் நிமிர்ந்து இருந்தார்கள். குதிக்காலால் நடந்தான்.

சால்வை நேரம் வந்தது. இரண்டு மாமன்மார் போர்த்தினார்கள். பிறகு உதயன் பார்சலோடு ஏறினான். எழும்ப மாட்டேன் என்றவன் எழும்பிவிட்டான். முகம் சீமெந்து மாதிரி இருந்தது.

அண்ணாவியார் மைக்கைப் பிடித்தார். "ராணியாக ஆடும் தவராசாவுக்கு, பழுகாமத்தைச் சேர்ந்த உதயன், அவருடைய..." இருமினார். மத்தளத்தை ஒருதரம் உருட்டினார். "அவருடைய..." மறுபடியும் உருட்டினார்.

தவராசா மைக்கை வாங்கினான்.

"இவர் என்ட வீட்டுக்காரர்," என்றான்.

சனம் வெடித்துச் சிரித்தது. ராணி பகிடி விடுகிறாள் என்று நினைத்தார்கள். பூபாலபிள்ளைக்கு அந்தச் சிரிப்பை விட மனமில்லை. வாளை உருவினார். "அடியே! அப்ப நான் ஆரு?"

முன் வரிசைக்காரர்கள் கதிரையோடு ஆடினார்கள். ஒரு பெரிய அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருந்தவர் அவருக்கு ஏதோ சொன்னார். அவர் தலையாட்டினார்.

தவராசா சிரிப்பு அடங்கும் வரை நின்றான். பிறகு கிரீடத்தைக் கழற்றி ராசாவின் கையில் கொடுத்தான். தலைமயிரையும் கழற்றினான். அவனுடைய சொந்த மயிர் வேர்வையில் ஒட்டிக் கிடந்தது.

"இது கூத்தில இல்ல," என்றான். "நான் தவராசா. கண்ணம்மாட மகன். இவர் என்ட வீட்டுக்காரர்."

பின்னால் யாரோ ஒருவன் விசிலடித்தான். ஆட்கள் சேர்வார்கள் என்று பார்த்தான். ஒருவரும் சேரவில்லை, நிறுத்திவிட்டான். உதயன் சால்வையைப் பிடித்தபடியே நின்றான்.

பெண்கள் பக்கத்தில் நாகம்மா எழும்பினார்.

"தம்பி," என்றார். மைக் தேவைப்படவில்லை. "நீ என்ன குடி?"

வேறு ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒவ்வொருவருக்கும் தாய் வழியில் ஒரு குடி உண்டு. ஒரே குடி என்றால் சகோதரம். கட்ட முடியாது.

உதயன் தன் குடியைச் சொன்னான். பெண்கள் தலையைத் தலையோடு வைத்து விரல் மடித்தார்கள்.

"நம்மட குடிக்கும் அதுக்கும் கொள்வினை இருக்கா கா?" என்றார் நாகம்மா.

"இல்லாம? என்ட மூத்தவளக் குடுத்த அந்தக் குடியிலதானே," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

நாகம்மா இன்னும் ஒருதரம் கணக்குப் பார்த்தார். தங்கச்சி கண்ணம்மா இல்லாத இடத்தில் அவர்தான் சொல்ல வேண்டும்.

"அப்ப பிழையில்ல," என்றார். "போர்த்து மனே. புள்ள வெயில்ல நிக்கிறான்."

உதயன் போர்த்தினான். கோணலாகப் போனது. தவராசா சரிசெய்தான். ஆண்கள் பக்கத்தில் ஒரு வரிசை எழும்பி ரீக் கடைக்குப் போனது. மாமன்மாரில் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலர் கை தட்டினார்கள். பிறகு தவராசா தலைமயிரை வைத்துக்கொண்டு வந்து ராசாவைக் கலியாணம் முடித்தான். நேரம் சரியாக ஒன்றரை மணித்தியாலம்.

5.30. புறப்பட்டோம். நாகம்மா உதயன் கையில் கருவாட்டுப் பொட்டலம் கொடுத்தார். வருஷப் பிறப்புக்கு வீட்டுக்கு வரச் சொன்னார். எந்த வீட்டுக்கு என்று சொல்லவில்லை. அவர் கணக்கில் இனி எல்லோருக்கும் ஒரே வீடுதான்.

"முந்நூறு பேரும் கை தட்டினாங்க," என்றார் அண்ணாவியார்.

"ஐம்பது இருக்கும்," என்றான் உதயன். வாய் நிறைய வெற்றிலை.

பழுகாமத்தில் யாரும் ஏசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. வாகரையில் கேட்டார்கள். அதுதான் வித்தியாசம். கை தட்டும்போது நான் தட்டவில்லை. தட்டியவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பது.