‘பரணில் போடு’ என்று எழுதிய கை

லூர்துமேரி போய்விட்டார் என்று அவர் வீட்டுக்காரர் அந்தோணி போனில் சொன்னபோது, நான் கடத்தூரில் நானும் அவரும் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடையில் யாருக்கோ வருமானச் சான்று விண்ணப்பம் ஏற்றிக்கொண்டிருந்தேன். காலையில் நெஞ்சுவலி; ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. “அண்ணா, அவ தனியா இருக்குற போட்டோ ஒண்ணுகூட வூட்ல இல்லீங்க. சவப்பொட்டி முன்னால வெக்கணும். கடைல எதாச்சும் இருக்குதுங்களா?” என்று அந்தோணி கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை. ஊரார் முகத்தையெல்லாம் பாஸ்போர்ட் அளவில் வெட்டிக் கொடுத்தவர், தன் பக்கம் கேமரா திரும்பினால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். தேடிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கடைக்கு வந்திருக்கிற நீங்கள் அவர் வேகத்தைப் பார்த்திருப்பீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று பக்கத்து நாற்காலியில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்த எனக்குத் தெரியும். எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால், மற்ற இடங்களில் வருகிற ஆங்கிலப் பட்டியலுக்கு மேலே தமிழ் வரிகள் நிற்கும்: ‘போட்டோவைச் சுருக்கு’, ‘பிடிஎஃப் ஆக்கு’, ‘கோணலை நிமிர்த்து’. லூர்துமேரி பிளஸ் டூ மட்டுமே படித்தவர். வீடியோ பார்த்து, நோட்டில் எழுத்தெழுத்தாகக் குறித்துக்கொண்டு, ரெஜிஸ்ட்ரி என்கிற கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் கைவிட்டு அதைச் செய்தார். தப்பாகத் தொட்டால் மிஷினே எழுந்திருக்காது என்று நான் கத்தினேன். “கத்தாதீங்கண்ணா, முன்னாடியே காப்பி எடுத்து வெச்சிட்டேன். ஜனங்க வாய்ல வர்றதுதான் மெனுல வரணும்” என்றார்.

அந்தப் பட்டியலில் ‘பரணில் போடு’ சேர்ந்ததற்குக் காரணம் நான்தான். திரை நிறையக் கோப்புகள் கிடந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஷிப்டை அழுத்திக்கொண்டு டெலிட் தட்டுவேன், சுவடே இருக்காது. அப்படித் தட்டியதில் இண்டூர்ப் பெண் ஒருத்தியின் டி.சி. ஸ்கேனும் போயிற்று. பிறகு ஒருநாள் அவள் வந்து நின்றாள். கூரை ஒழுகி அசல் கூழாகிவிட்டதாம். “உங்ககிட்ட இருக்கும்னு நம்பி வந்தேங்ண்ணா” என்றாள். பள்ளியில் நகல் வாங்குவதற்குள் அந்த வருடச் சேர்க்கை முடிந்துவிட்டது. பாவி நான், அன்று அவள் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

லூர்துமேரி என்னைத் திட்டவில்லை. இரண்டு நாள் கழித்து ரைட் கிளிக் செய்தேன். உச்சியில் ஒரு புது வரி இருந்தது. அதை அமுக்கினால் கோப்பு அழியாது, ‘பரண்’ என்ற ஃபோல்டருக்குப் போய்விடும். போகும்முன் சின்னப் பெட்டி ஒன்று எழும்பி, ‘யாருது? எதுக்கு ஆவும்?’ என்று கேட்கும். இரண்டுக்கும் பதில் தட்டினால்தான் விடும். உரியவரிடம் “வெச்சுக்கட்டுங்களா?” என்று கேட்காமல் அவர் எதையும் ஏற்றமாட்டார். வேலையைக் கெடுக்கிறாயே என்று சலித்துக்கொண்டேன். “ஓட்டை அண்டாவக்கூட வூட்ல பரண்ல ஏத்தி வெக்கிறோம். அடுத்தவங்க காகிதத்த மட்டும் ஏண்ணா தூக்கி எறியணும்?” என்றார். அதன்பிறகு அந்தப் பரணிலிருந்து எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்தோம்! ஒவ்வொரு முறையும் நான் வாய்பிளந்துதான் நின்றேன். என் அவசரத்தைத் திருத்த முடியாது என்று தெரிந்து, மிஷினையே என்னைக் கேள்வி கேட்க வைத்தாரே, அது சாமானிய மூளையா?

அன்று அந்தோணியின் போனை வைத்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் புது வெப்கேமராவைச் சோதிக்கையில், அவர் என்னைக் கிண்டல் செய்து சிரித்த நேரம் பார்த்துத் தட்டிவிட்டேன். “அய்யோ, என்ன மூஞ்சி இது! அழிங்கண்ணா!” என்று மவுசைப் பிடுங்கினார். நான் டீ வாங்கி வருவதற்குள், “போச்சு, அழிச்சிட்டேன்” என்றார்.

நம்பிக்கையில்லாமல்தான் பரணைத் திறந்து அவர் பெயரைத் தேடினேன். ஒரே ஒரு கோப்பு வந்தது. யாருது: லூர்துமேரி. எதுக்கு ஆவும்: கடைசில வெக்க.

கடையில் ஆட்கள் இருந்தார்கள். இருந்தால் என்ன, அழுதேன். படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எடுத்துப்போனேன். அந்தோணி அதை வாங்கிப் பார்த்து, “சிரிக்கிறாளேண்ணா” என்றார். பூப்போட வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சிரிப்பைக் கண்டு ஒரு கணம் நின்றுதான் போனார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு கேள்விகள்தான். இதை எழுதி முடித்துக் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்தேன். பெட்டி எழும்பியது. யாருது? லூர்துமேரியுது. எதுக்கு ஆவும்? ‘எனக்கு ஆவும்’ என்று தட்டினேன்.